கொர்னேல் கொண்டுவந்த மடிக்கணினி

நவம்பரில் எங்கள் சுரங்க ஊரான லுபேனியில் பகல் என்பது பேருக்குத்தான். இரண்டு பக்கமும் மலை நெருக்கிக்கொண்டு நிற்கும். ஆற்றிலிருந்து எழும்புகிற மூடுபனி அடுக்குமாடிகளின் பாதி உயரத்துக்கு வந்து, அதற்கு மேல் ஏறவும் மனமில்லாமல் இறங்கவும் மனமில்லாமல் அங்கேயே கிடக்கும். நிலவறையில் அவரவர் பீப்பாயில் ஊறப்போட்ட முட்டைக்கோஸ் புளிக்கிற வாடை மட்டும் படிக்கட்டு முழுக்க ஏறி வரும். அப்படி ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு ஒட்டீலியா என் கதவைத் தட்டினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ரொசாலியாக்கா, உங்க வீட்டுல கரண்ட் இருக்கா?"

"இருக்கே. ஏன்?"

"அப்ப அது செத்தேபோச்சு" என்றாள்.

செத்தது அவளுடைய மடிக்கணினி. அவளுக்கு அது யாரோ கொடுத்து வந்தது, அவர்களுக்கும் யாரோ கொடுத்தது. மூடி சரியாக நிற்காது என்று சுவரோடு சாய்த்து வைத்துத்தான் வேலை செய்வாள். அதில்தான் அவள் நிரல் எழுதப் படித்தாள். அதற்கு முன்னால் பல வருஷம் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கிற தொழிற்சாலையில் இருந்தாள். ஒரு கோடைக்காலத்தில் அந்தத் தையல் இயந்திரங்களையெல்லாம் லாரியில் ஏற்றி வேறு தேசத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வேலை போனவர்களுக்கு என்று பெட்ரொஷானியில் ஒரு கணினி வகுப்பு வைத்தார்கள். போனவர்களில் முக்கால்வாசிப் பேர் கடைகளில் கல்லாவுக்குப் போய்விட்டார்கள். இவள் மட்டும் வகுப்பு முடிந்த பிறகும் சமையலறை மேசையை விடவில்லை. கடைசியில் க்ளூஜ் நகரத்து மென்பொருள் கம்பெனி ஒன்று, குளிர்காலம் முழுக்க வீட்டிலிருந்தே வேலை செய்து காட்டு, பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தது. திங்கட்கிழமை ஆரம்பம். மடிக்கணினி உன்னுடையதாக இருக்க வேண்டும், அதில் இவ்வளவு மெமரி இருக்க வேண்டும் என்று எழுதியே அனுப்பியிருந்தார்கள்.

அன்றைக்கு அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. புகைபோட்ட இறைச்சி போட்ட பீன்ஸ் சூப். அவள் புருஷன் வலேரியு துருவும் கரியுமாக வந்து உட்கார்ந்தான். நான் சுரங்கத்து விளக்கு அறையில் வேலை செய்த காலத்திலிருந்தே அவனைத் தெரியும். விளக்கை வாங்கும்போது நன்றி சொல்கிற ஒன்றிரண்டு பேரில் அவன் ஒருத்தன். சுரங்கத்தை மூடிய பிறகு, உள்ளே இருக்கிற தண்டவாளத்தையும் கேபிளையும் பிடுங்கி வெளியே எடுக்கிற கூட்டத்தில் இருந்தான். அந்த வேலையும் அந்த மாதத்தோடு முடிகிறது.

"புதுசு ஒண்ணு வாங்கு. பெட்டி பிரிக்காதது" என்றான்.

"நம்ம கைக்கு எட்டுற புதுசுல மெமரி பாதிதான் இருக்கு. அதையும் போர்டோட சேத்துப் பத்தவச்சுட்டாங்க. போதலைன்னா கூடப் போடவும் முடியாது."

"எழுதறதுக்கு எதுக்கு உனக்கு அவ்வளவு மெமரி?"

"எழுதறதுக்கு வேணாம். எழுதினத ஓட்டிப் பாக்கறதுக்கு வேணும். அவங்க சரக்கு மொத்தமும் என் மெஷின்ல ஓடணும். ஒரு வரி மாத்திட்டு அது சரியான்னு பாக்கறதுக்குள்ள சூப் ஆறிப்போகும்னா, ரெண்டே நாள்ல என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"நீ வீட்டுலதானே இருக்கப் போற. இன்னும் எங்க அனுப்புவாங்க?"

அவள் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

"பெட்ரொஷானியில இல்டிகோன்னு ஒரு அம்மா கடை வச்சிருக்காங்க" என்றாள். "ஆபீஸ்காரங்க வாடகைக்கு வச்சிருந்து திருப்பிக் கொடுத்ததை வாங்கி, பிரிச்சு, சுத்தம் பண்ணி, கெட்டதை மாத்தி விக்கிறாங்க. ஒரு வருஷம் கேரண்டி."

"அவனவன் தும்மினது பூரா அந்தக் கீபோர்டுக்குள்ளதான் இருக்கும்."

"சுரங்கத்துல நீ போட்ட பூட்ஸ் யாருதாம்?"

"அதனாலதான் சொல்றேன்" என்றான் வலேரியு. ரொட்டியைப் பிய்க்க அவனுக்கு விரல் வளையவில்லை. ஜெர்மனியில் இறைச்சி வெட்டுகிற குளிர்கூடத்தில் இரண்டு வருஷம் நின்றுவிட்டு வந்ததில் வலது கை விரல்கள் மரத்துப்போனவை. காலையில் சட்டைப் பித்தானை ஒட்டீலியாதான் போட்டுவிடுவாள். அவனை அங்கே சேர்த்துவிட்டது அவனுடைய அண்ணன் கொர்னேல். கொர்னேல் வாராவாரம் ஜெர்மனிக்கு வேன் ஓட்டுகிறவன்; போகும்போது ஆட்களும் பொட்டலங்களும், வரும்போது டயர், குளிர்பெட்டி, சைக்கிள் என்று எதுவும். வருகிற செவ்வாய்க்கிழமை வண்டியில் தம்பிக்கு மறுபடி ஒரு இடம் பிடித்து வைத்திருந்தான். போகிறேன் என்றும் சொல்லாமல், போகவில்லை என்றும் சொல்லாமல் வலேரியு இருந்தான். ஒட்டீலியாவின் திங்கட்கிழமை எப்படிப் போகிறது என்பதைப் பார்த்துத்தான் அவனுடைய செவ்வாய்க்கிழமை. அதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

"அண்ணன்கிட்ட போன்ல சொல்லியிருக்கேன்" என்றான் தட்டைப் பார்த்துக்கொண்டே. "வழியில ஏதாச்சும் கெடைச்சா எடுத்துட்டு வரேன்னான்."

வெள்ளிக்கிழமை சாயங்காலமே கொர்னேல் வந்துவிட்டான். ஆள் வந்தால் முதலில் குரல்தான் மாடி ஏறும்.

"எங்க எங்க இஞ்சினியரம்மா? கதவைத் திறங்க, கனமா இருக்கு!"

குழந்தைக்குப் போர்த்துகிற மஞ்சள் கம்பளியில் சுற்றி எடுத்து வந்திருந்தான். கறுப்பு நிறம், ஒரு மூலையில் மட்டும் கீறல். ஒட்டீலியா அதைத் திறந்து உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்த்தாள். கம்பெனிக்காரர்கள் கேட்டதைப் போல இரண்டு மடங்கு மெமரி. அவள் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்ததைப் பார்த்து எனக்கே சந்தோஷமாக இருந்தது.

"எங்கண்ணே புடிச்ச?" என்றான் வலேரியு.

"ஸ்டுட்கார்ட் பக்கம் ஒருத்தன் குடோன்ல அடுக்கி வச்சு விக்கிறான். காசைப் பத்தி இப்பப் பேசாத. இவ மொத சம்பளம் வாங்கட்டும், வறுவலும் பீரும் எனக்கு."

எல்லோருக்கும் பிளம் சாராயம் ஊற்றினார்கள். ஒட்டீலியா மட்டும் குடிக்கவில்லை. பழைய ஆள் வைத்திருந்ததையெல்லாம் சுத்தமாக அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டால்தான் நிம்மதி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் அழித்தாள். முதலிலிருந்து போட்டாள். வீட்டு இணையத்தோடு சேர்த்தாள். அப்போது திரையில் ஒரு கம்பெனியின் பெயர் வந்து நின்றது. பவேரியாப் பக்கம் தண்ணீர் பம்பு செய்கிற கம்பெனி. எங்கள் நிறுவனத்துக்கு நல்வரவு, உங்கள் அலுவலக முகவரியைப் போட்டு உள்ளே வரவும் என்று எழுதியிருந்தது. எந்தப் பக்கம் போனாலும் திரும்பத் திரும்ப அதே திரைதான்.

நான் போனபோது கொர்னேல் செருப்புக் காலோடு வந்திருந்தான். பின்னால் இருக்கிற அடுத்த கட்டடம்தான் அவன் வீடு.

"இது யாருதுண்ணே?" என்றான் வலேரியு.

"உன் பொண்டாட்டியுது."

"அவங்களுதுன்னு இதுலயே எழுதியிருக்கே."

"எழுதியிருந்தா? வுல்கான்ல எனக்குத் தெரிஞ்ச பையன் இருக்கான். இணையத்தைக் கழட்டிட்டுப் போட்டா அந்தப் படமே வராதுன்னு அவனே சொல்வான். ஒரு காப்பி குடிக்கிற நேரம்."

"வராதுதான்" என்றாள் ஒட்டீலியா. "அது எனக்கும் தெரியும். திங்கக்கிழமை க்ளூஜ்காரங்க அவங்க காவல் நிரலை இதுல போடச் சொல்வாங்க. அது உள்ள போய் எல்லாத்தையும் பாக்கும். அப்ப இந்தப் பேரு வெளிய வந்தா நான் என்னன்னு சொல்றது? இல்ல, அப்ப வராம நடு வேலையில ஒருநாள் பூட்டிக்கிட்டா?"

"நீ ஏம்மா பயந்து பயந்தே சாகற?"

"சீட்டு வாங்குனியாண்ணே?" என்றான் வலேரியு.

"குடோன்ல எவன்டா சீட்டு குடுப்பான்? மெஷின் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கான். ஆபீஸ்காரங்க தூக்கிப் போட்டதுன்னு சொன்னான். எடுத்தேன்."

"சிகரெட்டுலயும் இப்படித்தான் சொன்ன."

சொல்லியிருக்க வேண்டாம். எல்லையில் கொர்னேலின் வண்டியில் சிகரெட் பெட்டிகள் பிடிபட்டு, வேறு யாரோ வைத்தது என்று அவன் சொல்லி, ஊரில் ஒருத்தரும் நம்பாத கதை அது. அவன் காதுமடல் சிவந்தது.

"அப்ப நான் திருடன்."

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லிட்டடா." கொர்னேல் மடிக்கணினியை மூடினான். அந்த மஞ்சள் கம்பளியைத் தேடி எடுத்துச் சுற்றினான். கதவருகில் போய்த் திரும்பினான். "செவ்வாய்க்கிழமை காலையில வண்டி கிளம்பும். உன் எடம் அப்படியே இருக்கு. திருடன் வண்டியில ஏறலாமான்னு மட்டும் யோசிச்சுக்கோ."

அவன் போன பிறகு வலேரியு நிலவறைக்குப் போகிறேன் என்று இறங்கிப் போய்விட்டான். ஒட்டீலியா என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அதுக்கு அடியில இருந்த நம்பரை எழுதி வச்சிருந்தேன். இவரோட அண்ணன் வர்றதுக்கு முன்னாலயே அந்தக் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டுட்டேன். இது உங்களுதா, தொலைஞ்சுபோனதான்னு. யார்கிட்ட வாங்கினேன்னு எழுதல. காட்டிக் கொடுத்துட்டேனாக்கா?"

"யாருன்னே எழுதலையே."

"கேட்டா? போலீஸ் விட்டுக் கேட்டா? எங்களுக்குச் சோறு போட்டவர்க்கா அவரு."

சனி, ஞாயிறு எந்த அலுவலகமும் பதில் போடாது. அதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும்.

மத்தியானத்துக்கு முன்னால் பெட்ரொஷானிக்குச் சின்ன பஸ்ஸில் மூன்று பேரும் போனோம். எனக்கு மருந்துக் கடையில் வேலை இருந்தது. ஆனால் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மருந்துக் கடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கூடவே போனேன். தூறலில் பனியும் கலந்து விழுந்துகொண்டிருந்தது.

முதலில் வலேரியு எங்களைப் பெரிய கடைக்குள் கூட்டிப்போனான். எல்லாம் பளபளவென்று இருந்தது. ஒரு வெள்ளி நிற மடிக்கணினியின் மேல் ஒட்டீலியா இரண்டு கைகளையும் வைத்தாள். நுனிவிரலால் எழுதிப் பார்த்தாள். சத்தமே இல்லை. "அழகா இருக்கு" என்றாள். பிறகு பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டைக் குனிந்து படித்தாள். "அழகா மட்டும்தான் இருக்கு." அதற்கு அடுத்த ரகம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அதைத் தவணையில் எடுக்க வருகிற மாதங்களுக்கான சம்பள உத்தரவாதம் வேண்டும் என்றான் விற்கிறவன். வலேரியு தன் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான். இரண்டு பேரில் ஒருத்தரிடமும் அப்படி ஒரு உத்தரவாதம் இல்லை.

"வா" என்றான் அவளிடம். "உன் தும்மல் கடைக்கே போலாம்."

இல்டிகோவின் கடை ரயில் நிலையத்துக்குப் போகிற சந்தில், முன்பு மீன் விற்ற இடம். அந்த அம்மாள் எள் தூவிய வளைய ரொட்டியைக் கடித்துக்கொண்டே எங்களைப் பார்த்தாள்.

"என்ன வேலைக்கு? சினிமா பாக்கவா, கணக்கு எழுதவா?"

"நிரல் எழுத" என்றாள் ஒட்டீலியா. அந்த வார்த்தையை வெளியாள் ஒருத்தரிடம் சொல்ல அவளுக்கு இன்னும் கூச்சம்.

இல்டிகோ அலமாரியில் முன்னால் இருந்ததைத் தொடாமல் பின்னால் இருந்து ஒன்றை எடுத்தாள். சாம்பல் நிறம், தடிமனாக இருந்தது. திருகாணிகளைக் கழற்றி அடிமூடியைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினாள். மெமரி இரண்டு பட்டையாகத் தனியாக நின்றது. நாளைக்கு வேண்டுமானால் பெரிதாக மாற்றிக்கொள்ளலாம். விசிறி புதிது. "பேட்டரி பழசு. மத்தியானம் வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல என்கிட்ட சத்தியம் வாங்காதீங்க. ஒயரைச் சொருகியே வச்சுக்கோ. கீபோர்டு ஜெர்மன் வரிசை, இசட்டும் ஒய்யும் இடம் மாறி இருக்கும். மேல ஸ்டிக்கர் ஒட்டித் தரேன்."

"இது யாருதுன்னு எப்படித் தெரியும்?" என்றான் வலேரியு. குரல் தேவைக்கு மேல் உயர்ந்திருந்தது.

இல்டிகோ அவனைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். எந்த வாடகைக் கம்பெனியிடமிருந்து மொத்தமாக வாங்கினாளோ அந்த ரசீதை எடுத்து, மடிக்கணினியின் அடியில் இருந்த எண்ணோடு சேர்த்துக் காட்டினாள். அது போதவில்லை. ஒட்டீலியா அங்கேயே அதை அழித்து, இணையத்தோடு சேர்த்துக் காட்டச் சொன்னாள். காத்திருந்தோம். யார் பெயரும் வரவில்லை.

"இன்னொரு தடவை பாத்துக்கலாமா?"

"அம்மாடி, பேய் வருதான்னு பாக்கிறியா?"

"ஆமா" என்றாள் ஒட்டீலியா.

இல்டிகோ சிரித்துவிட்டு, கடை மூடுகிற நேரமாகியும், இன்னொரு தடவை செய்து காட்டினாள். கையிலிருந்த காசை எண்ணிக் கொடுத்து அதையே வாங்கிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்ததும் தெரியாமல் அவர்கள் வீட்டில் வேலை நடந்தது. சோளக்களி கிண்டி, வெள்ளைப் பாலாடைக்கட்டி வைத்து எடுத்துப் போனேன். ஒட்டீலியா தன்னுடைய கடவுச்சொல்லையே தப்புத் தப்பாக அடித்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு இசட் இருக்கிறதாம். விசிறி சத்தம் கொஞ்சம் கூடினால் நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்பாள். நடையில் வலேரியுவின் பயணப்பை வாயைத் திறந்தபடி கிடந்தது. உள்ளே இரண்டு கம்பளிச் சட்டைகள். அவனும் அதை மூடவில்லை, அவளும் அதை எடுத்து உள்ளே வைக்கவில்லை.

திங்கட்கிழமை நான் துணி துவைக்கிற இயந்திரத்தைப் போடவில்லை. மேல்வீட்டுக்காரனிடமும் சொல்லிவைத்தேன், எங்கள் படிக்கட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் எதையாவது போட்டால் ஃபியூஸ் போய்விடும். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிப் பேசுவது கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. இருட்டின பிறகு கதவைத் திறந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"மெஷினைச் சோதிச்சாங்க. நல்லாருக்குன்னாங்க."

"உன்னை?"

"என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலக்கா."

செவ்வாய்க்கிழமை காலையில் நான் பொட்டலத்தோடு கீழே போனேன். நியூரன்பெர்கில் இருக்கிற என் மகளுக்கு, சுட்ட மிளகாயும் கத்தரிக்காயும் அரைத்துச் செய்த தொக்கு, ஜாடிகளைத் துணியில் சுற்றிக் கட்டியது. கொர்னேல் வேனின் பின்கதவைத் திறந்து வைத்துச் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தான். உள்ளே ஏற்கெனவே சிலர் போர்வைக்குள் சுருண்டிருந்தார்கள். முன்னிருக்கை ஒன்று காலியாக இருந்தது.

அந்த நேரத்தில் மேலே என்ன நடந்தது என்று ஒட்டீலியா எனக்குப் பிறகு சொன்னாள். அவள் க்ளூஜ்காரர்களோடு பேச உட்காரப் போகிற சமயம், பம்பு கம்பெனியிடமிருந்து பதில் வந்திருந்தது. அந்தக் கணினிகளை அவர்கள் முறைப்படி ஒரு வியாபாரிக்கு விற்றுவிட்டார்களாம். தங்கள் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க மறந்துவிட்டார்களாம். இப்போது எடுத்துவிட்டோம், தாராளமாக உபயோகியுங்கள், சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று நாலு வரி. அவள் படித்துச் சொல்லச் சொல்ல வலேரியு கோட்டுகூடப் போடாமல் இறங்கி ஓடி வந்துவிட்டான். சட்டைப் பித்தான் பாதிதான் போட்டிருந்தது.

"பை எங்கடா?" என்றான் கொர்னேல்.

"மேல இருக்குண்ணே."

"வரலையா?"

"வரல." மூச்சு வாங்கியது. "அண்ணே, அந்தக் கம்பெனிக்காரங்க எழுதியிருக்காங்க. வித்ததுதானாம். பேரை எடுக்க மறந்துட்டாங்களாம். நீ வாங்கினது சுத்தமான சரக்குதானாம்."

கொர்னேல் ஒரு பெட்டியை நகர்த்தி இடம் பண்ணினான்.

"எனக்குத் தெரியும்."

"அண்ணே..."

"எனக்குத் தெரியும்டா. உனக்குத்தான் ஜெர்மன்காரன் எழுதிக் குடுக்க வேண்டியிருந்துச்சு."

பனி வலேரியுவின் தலையில் விழுந்து அங்கேயே நின்றது.

"அதை நான் எடுத்துக்கறேண்ணே. காசு தரேன்."

"வித்தாச்சு. வுல்கான்ல அந்தப் பையனே எடுத்துக்கிட்டான். ஒரு கேள்வி கேக்கல."

கதவை இழுத்து அடைத்தான். சுற்றிப் போய் ஏறினான். வண்டி கிளம்பிவிட்டது. என் பொட்டலம் என் கையிலேயே இருந்தது. கூப்பிட வாயைத் திறந்தவள், வலேரியுவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

தெருத் திருப்பத்தில் வண்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு வண்டி மெல்லப் பின்னோக்கி வந்தது. கொர்னேல் இறங்கினான். என் கையிலிருந்து ஜாடிப் பொட்டலத்தை வாங்கி, உள்ளே ஒரு தலையணைக்கும் பெட்டிக்கும் நடுவில் ஆடாமல் அசையாமல் இருக்கும்படி வைத்தான். தம்பியைப் பார்க்கவில்லை.

"அவ வாங்கினது சூடாகுதா?"

"கொஞ்சம்" என்றான் வலேரியு.

"அடியில ரெண்டு பக்கமும் கட்டையை வச்சு உசத்தி வைக்கச் சொல்லு. காத்து போகணும்."

"சரிண்ணே."

"மேல போய் கோட்டைப் போடு."

வண்டி திரும்பவும் கிளம்பி, மூடுபனிக்குள் விளக்கு மறையும் வரை போனது. மூன்றாவது மாடி ஜன்னலில் ஒட்டீலியாவின் தலை தெரிந்தது. காதில் பேசுகிற கருவியை மாட்டியிருந்தாள், எழுந்து எட்டிப் பார்க்க முடியாமல் கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு, உதடு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தது. வலேரியு அவளைப் பார்த்துக் கையை ஆட்டினான். கோட்டை எடுக்க மேலே போகவில்லை. நேராக நிலவறைக்கு இறங்கிப் போய், முட்டைக்கோஸ் பீப்பாய்களுக்குப் பின்னால் விளக்கைப் போட்டு, ஒரே உயரத்தில் இரண்டு கட்டைகள் தேட ஆரம்பித்தான்.